கல்வெட்டில் இடம்பெறாத பெயர்: ஜெயசங்கர் பிரசாத்தின் ‘ஆகாஷ்தீப்’ தொகுப்பில் காதலும் வரலாறும்

இந்தியில் சாயாவாதக் கவிஞராக அறியப்படும் ஜெயசங்கர் பிரசாத் (1889–1937) நாடகம், நாவல், சிறுகதை ஆகிய வடிவங்களிலும் எழுதியவர். 1929-இல் வெளிவந்த ‘ஆகாஷ்தீப்’ (வான்விளக்கு) அவருடைய சிறுகதைத் தொகுப்புகளுள் ஒன்று. பிரேம்சந்தின் நடப்பியலோடு ஒப்பிட்டு, பிரசாத்தின் வரலாற்றுக் கதைகளை நிகழ்காலத்திலிருந்து விலகிய கனவுலகம் எனக் கொள்ளும் போக்கு உண்டு. இத்தொகுப்பின் இரு கதைகள் அக்கருத்தை ஏற்கத் தடையாக உள்ளன.

தலைப்புக் கதையில், கப்பலில் சிறைப்பட்டிருந்த சம்பாவும் தாமிரலிப்தியைச் சேர்ந்த புத்தகுப்தனும் ஒருவரையொருவர் விடுவித்துத் தீவொன்றில் வாழ்கின்றனர். தன் தந்தையைக் கொன்றவன் அவனே என்ற ஐயத்தோடுதான் சம்பா அவனைக் காதலிக்கிறாள். பழிவாங்க மறைத்து வைத்திருந்த கத்தியைக் கடலில் எறிகிறாள். ஆயினும் அவனை மணக்கவோ, அவனோடு தாயகம் திரும்பவோ இசையவில்லை. கடலோடிகளுக்கு விளக்கேற்றியபடி தீவிலேயே தங்கிவிடுகிறாள். வரலாற்றுக் காதற்கதைகள் வழக்கமாக மணத்திலோ முடிசூட்டிலோ நிறைவெய்த, இக்கதை மறுப்பில் நிறைவெய்துகிறது.

‘மமதா’ காதலைப் பொருளாகக் கொண்டதன்று. எனினும் அம்மறுப்பே அதற்கும் மையம். ரோஹ்தாஸ் கோட்டை அமைச்சரின் விதவை மகளான மமதா, தந்தை கையூட்டாகப் பெற்ற பொன்னை ஏற்க மறுக்கிறாள். பின்னர், சாரநாத்தின் இடிபாடுகளிடையே குடிசையில் வாழும் அவள், 1539-இல் சௌசாப் போரில் தோற்றோடி வந்த ஹுமாயூனுக்கு ஓர் இரவு அடைக்கலம் தருகிறாள். கைம்மாறாக வீடு கட்டித்தர அவன் ஆணையிடுகிறான். அதனால் தன் குடிசை அழிந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே அவள் வாழ்நாள் கழிகிறது. அவள் இறந்தபின் அவ்விடத்தில் எண்கோணக் கட்டடம் எழுகிறது. அதன் கல்வெட்டில் ஹுமாயூனும் அக்பரும் உள்ளனர், மமதா இல்லை.

சாரநாத்தின் சௌகண்டித் தூபியின்மேல், ஹுமாயூன் அங்கு வந்ததன் நினைவாக 1588-இல் எழுப்பப்பட்ட எண்கோணக் கோபுரம் இன்றும் உள்ளது. மெய்யான சான்றொன்றை எடுத்துக்கொண்டு, அது சொல்லாமல் விட்டதைப் பிரசாத் புனைவால் நிரப்புகிறார். கல்வெட்டு யாருடைய வரலாறு என்னும் வினா இதனால் எழுகிறது. இவ்வினாவை எழுப்பும் கதையைக் கனவுலகத் தப்பித்தல் எனல் பொருந்தாது.

எனினும் இம்மறுப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. மறுக்கும் பெண்ணுக்குத் தனிமையைத் தவிர வேறு வாழ்வைப் பிரசாத் வகுக்கவில்லை. சம்பாவைத் தீவினர் தெய்வமாகப் போற்றுகின்றனர். கல்வெட்டு மமதாவின் பெயரை மறைத்தது போல, அவ்வழிபாடு சம்பா என்னும் பெண்ணை மறைத்துவிடுகிறது. அடுத்த தொகுப்பான ‘ஆந்தி’யில் (1931) இடம்பெறும் ‘புரஸ்கார்’ கதையிலும் இப்போக்கே தொடர்கிறது: காதலனின் சதியை வெளிப்படுத்திக் கோசலத்தைக் காக்கும் மதூலிகா, பரிசாக அவனோடு தனக்கும் மரணத்தையே வேண்டுகிறாள். பெண்ணின் தன்மதிப்பை வரலாற்றுக்கு எதிரே நிறுத்த முடிந்த பிரசாத்தால், அத்தன்மதிப்போடு அவள் பிறரிடையே வாழும் நிலையைக் கற்பனை செய்ய இயலவில்லை. இக்கதைகளின் வலிமையையும் குறையையும் இங்கு ஒருசேரக் காணலாம்.