வைத்தியர் தகுதியும் மறுபரீட்சையும்

ஒருமுறை பெற்ற தகுதிப் பத்திரம் ஒரு வைத்தியருக்கு வாழ்நாள் முழுவதும் போதுமானதா என்னும் வினா மேலைநாடுகளிற் பல்லாண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றது. போதாது என்பார் பக்கத்தில் வலிய சான்று உண்டு. தொழிலிற் கழித்த ஆண்டுகளுக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணித்த 62 மதிப்பீடுகளை 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒருங்குவைத்து நோக்கினர். அவற்றுட் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில், ஆண்டுகள் ஏறஏற, அளக்கப்பட்டன யாவற்றிலும் தரம் தாழ்ந்தே காணப்பட்டது. நரைத்த தலைக்கு மக்கள் கொடுக்கும் மதிப்பை இஃது அசைக்கத்தான் செய்கின்றது.

எனினும், நோய் உண்டென்பதனாலே கொடுக்கப்படும் எம்மருந்தும் ஏற்றதாகிவிடாது. காலந்தோறும் தகுதியைப் புதுப்பிக்கும் முறை அத்தாழ்வைத் தடுக்கின்றதா?

அமெரிக்காவில் இதனைச் சோதித்தற்கு நல்வாய்ப்பொன்று தானாகவே அமைந்தது. அங்கே தொழில் அனுமதி வழங்குவது மாநிலங்களின் உரிமை. ஆயினும் வைத்தியசாலைகள் பலவும் காப்புறுதி நிறுவனங்களும் நிபுணர் சபைகளின் சான்றிதழைக் கேட்பதால் அதுவும் அனுமதியை ஒத்த வலிமை பெற்றுள்ளது. அமெரிக்க உள்மருத்துவச் சபை 1990ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும் சான்றிதழை வழங்கலாயிற்று. அதற்குமுன் பெற்றவரோ மறுபரீட்சையினின்றும் விலக்கப்பட்டனர். எனவே 1989இலும் 1991இலும் சான்றிதழ் பெற்ற, பயிற்சியிற் பெரிதும் ஒத்த இரு கூட்டத்தார் ஒரு விதியாற் பிரிக்கப்பட்டனர்.

இவ்விரு கூட்டத்தாரிடம் சிகிச்சை பெற்றோரை ஒப்பிட்ட ஆய்வு 2014 டிசெம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. நல்ல கவனிப்பால் தவிர்த்திருக்கக்கூடிய நோய்களுக்காக வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டோர் தொகையில் வேறுபாடு தோன்றவில்லை. செலவின் வளர்ச்சி மட்டும், சராசரிச் செலவின் ஏறத்தாழ 2.5 வீதம் என்னும் அளவிற் குறைந்திருந்தது. உடன் வெளிவந்த மற்றோர் ஆய்வு, முன்னாட் படைவீரர்க்கான நான்கு வைத்தியசாலைகளில் 105 வைத்தியரைப் பத்து அளவுகோல்களால் அளந்தும் வேறுபாடு காணவில்லை.

இதுகொண்டு மறுபரீட்சையை அறவே தள்ளுவார் அவசரக்காரர். விலக்குப் பெற்றவருள்ளும் தாமே கற்றுவந்தவர் இருந்திருப்பர். குறை வேறிடத்தில் உள்ளது. குருதி அமுக்கத்துக்கு எம்மருந்து தக்கதென விடையெழுத வல்லவர், கூட்டம் மிகுந்த காலைப்பொழுதில் நாற்பதாவது நோயாளியின் குருதி அமுக்கத்தை அளக்கத் தவறலாம். அங்கே குறைந்தது அறிவன்று, செயல். பரீட்சை மண்டபத்தில் அச்செயல் புலப்படாது. அச்சபையும் இதனை உணர்ந்து, வைத்தியர் தம் தொழிலையே மதிப்பிட்டுக் காட்டும் பகுதியொன்றைச் சேர்த்திருந்தது. அது வெறும் படிவம் நிரப்பும் வேலையாயிற்று என்ற முறைப்பாடு வலுக்கவே, 2015 பெப்ரவரியில் சபை மன்னிப்புக் கேட்டு அப்பகுதியை நிறுத்திவைத்தது, பரீட்சையைக் கைவிடவில்லை. திருத்தியமைத்திருக்க வேண்டிய பகுதி நிறுத்தப்பட்டது விந்தையே.

பிரித்தானியாவில் 2012 டிசெம்பரில் தொடங்கிய ஐந்தாண்டு முறையிற் பொதுப் பரீட்சை இல்லை. ஆண்டுதோறும் நடைபெறும் மதிப்பீட்டையும், உடன் தொழில்புரிவோர், நோயாளர் ஆகியோரின் கருத்துக்களையும் கொண்டு பரிந்துரை செய்யப்படுகின்றது. ஹரோல்ட் சிப்மன் என்னும் வைத்தியர் 15 நோயாளரைக் கொன்ற குற்றத்துக்காக 2000ஆம் ஆண்டிற் தண்டிக்கப்பட்டமை இம்முறைக்கான கோரிக்கையை வலுப்படுத்திய நிகழ்ச்சி. அவரோ நோயாளரிடத்து நன்மதிப்புப் பெற்றிருந்தவர். கருத்துக் கேட்டிருந்தாற் புகழுரைகளே வந்திருக்கும். அப்போது திட்டமிடப்பட்டிருந்த மதிப்பீட்டு முறை தகுதியற்றவரைக் காட்டிக்கொடுக்க மாட்டாதென, விசாரணை நடத்திய நீதிபதி டேம் ஜெனட் சிமித் 2004ஆம் ஆண்டு அறிக்கையிற் கண்டித்தார். 1998 மார்ச்சில் அவர்மீது முதலில் ஐயம் எழுப்பியவருள் ஒருவர் அயலில் இருந்த வைத்தியர். தகனத்துக்கு அவர் அனுப்பும் பத்திரங்களின் தொகை மிகையென்பதே அவ்வையத்துக்குக் காரணம். இங்கிலாந்திலும் வேல்சிலும் மரண விசாரணை அதிகாரியிடம் செல்லாத மரணம் ஒவ்வொன்றையும் வேறொரு வைத்தியர் ஆராய வேண்டுமென்னும் சட்டம் 2024 செப்டெம்பரிலேதான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் அனுமதியைப் புதுப்பிக்கும் முறையின் வழியாக வந்ததன்று.