செத்தவனுக்கும் பெரட்டு உண்டா?

2025 ஜூலையில் இயக்குநர் வேலு பிரபாகரன் காலமானபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் இரண்டு விஷயங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று அவருடைய நாத்திகம், மற்றது ‘காதல் கதை’ படம் கிளப்பிய சச்சரவு. அவர் எடுத்த ‘நாளைய மனிதன்’ ஒரு வரியோடு போயிற்று, அந்த வரியும் பெரும்பாலும் ஒரு நமட்டுச் சிரிப்போடு. பழைய மலிவுப் படங்களைப் போட்டு, கூட்டமாக உட்கார்ந்து, ஒப்பனை கலைகிற இடத்தைச் சுட்டிக் காட்டிச் சிரிப்பது இப்போது ஒரு ரசனையாகிவிட்டது. அதன் பின்னால் ஒரு கருத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது: அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் எதைக் கொடுத்தாலும் விழுங்கியவர்கள்; ‘எந்திரன்’ வந்த பிறகுதான் தமிழனுக்கு விஞ்ஞானப் படம் பார்க்கக் கண் திறந்தது. கண்டி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் சாக்கு விரித்து ‘நாளைய மனிதன்’ பார்த்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

முன்கதை தெரிந்ததுதான். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் வெளிவந்தது. ஜேம்ஸ் வேல் 1931இல் படமாக்கினார். போரிஸ் கார்லோஃபின் தட்டையான மண்டை உலகம் முழுக்கப் பூதத்தின் முகமாயிற்று. அதன் பிறகு பணமில்லாதவர்களெல்லாம் ஒரு வெள்ளைக் கோட்டும் நாலு கண்ணாடிக் குடுவையும் வாங்கி விஞ்ஞானியைப் பைத்தியமாக்கினார்கள். 1955இல் எட் வுட் எடுத்த ‘பிரைட் ஆஃப் த மான்ஸ்டர்’ படத்தில் ரப்பர் ஆக்டோபஸின் மோட்டார் இல்லாமற்போக, அதன் பிடியில் சாகிறவரே அதன் கைகளை ஆட்டிக்கொண்டு செத்தார். 1980இல் மெட்வெட் சகோதரர்கள் ஒரு புத்தகம் போட்டு எட் வுட்டை உலகின் மிக மோசமான இயக்குநர் என்று அறிவித்தார்கள். சிரித்துப் பார்க்கும் ரசனைக்குக் கொடி கட்டியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். நாம் அந்தச் சிரிப்பை இறக்குமதி செய்துகொண்டோம்.

தமிழில் இந்த வகையின் பாட்டனார் ஒருவர் இருக்கிறார், யாரும் கும்பிடுவதில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த ‘காடு’. அழிந்துபோன மாமத யானைகள் காட்டில் மிச்சமிருக்கின்றன என்பது கதை. நம் ஊர் யானைகளுக்குக் கம்பளி ரோமம் போர்த்தி நடக்கவிட்டார்கள். விமர்சகர்களுக்கு அது கேலிப் பொருள். வருடா வருடம் எசல பெரஹராவில் யானைக்குத் தலை முதல் கால் வரை பட்டு உடுத்தி, பல்பு மாட்டி நடத்திப் பார்க்கிற கண்டிக்காரனுக்கு யானை வேஷம் போடுவதில் என்ன வேடிக்கை இருக்கிறது? உடுப்புக்கு உள்ளே இருப்பது யானைதான் என்று தெரிந்துகொண்டே அவன் கை கூப்புகிறான். இதைச் சும்மா ஒரு பக்கப் பேச்சாகச் சொல்லவில்லை, பின்னால் வேண்டியிருக்கும்.

‘கலை அரசி’ (1963) வேற்றுக் கிரகத்தைக் காட்டியது, ஆனால் அங்கே போனதும் பாட்டுக்காகத்தான். ‘விக்ரம்’ (1986) ஏவுகணையைக் காட்டியது. சுஜாதாவின் பெயர் இருந்தும் அது உளவுப் படமாகவே நின்றது. இவற்றில் விஞ்ஞானம் ஒரு வாகனம். அதுவே குற்றவாளியாகக் கூண்டில் ஏறியது 1989இல்தான்.

‘நாளைய மனிதன்’ கதையை இரண்டு வரியில் சொல்லலாம். ஜெய்சங்கர் இறந்தவனை எழுப்பும் மருந்தைக் கண்டுபிடிக்கிறார். எழுந்தவன், அதாவது அஜய் ரத்னம், கொல்லத் தொடங்குகிறான். பிரபு போலீஸ், அமலா கதாநாயகி. பாட்டுகள் வந்து கால் இடறும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அஜய் ரத்னத்தின் உயரமே பாதி ஒப்பனை. ரப்பர் வாங்கக் காசில்லாத படம் ஓர் உடம்பை நம்பியது, அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஒளிப்பதிவாளராக இருந்து வந்த இயக்குநருக்கு எதைக் காட்டாமல் விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அதைவிட முக்கியம், அது ஒரு பெரியாரியவாதி எடுத்த பேய்ப் படம். நம் பேய்ப் படங்களில் கடைசியில் யாராவது கற்பூரம் கொளுத்துவார்கள், அம்மன் கண் திறப்பாள். இங்கே பிணம் எழுந்ததற்குக் காரணம் மருந்து, மந்திரவாதிக்கு வேலையில்லை. சாமியை மறுத்தவர் விஞ்ஞானத்தைச் சாமியாக்காமல் விட்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பகுத்தறிவு பேசிய பலருக்கு இது கைகூடவில்லை. அடுத்த வருடமே ‘அதிசய மனிதன்’ என்று தொடர்ச்சியும் எடுத்தார். அது முதல் படத்தின் நிழல்தான்.

எங்கள் தோட்டத்துக்கு அந்தப் படம் 1990இல் ஒரு கேசட்டாக வந்தது. கண்டி ரீகல் தியேட்டரில் படம் பார்ப்பது அப்போது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதற்கு முந்தின ஆண்டுகளில் ஊரடங்கும், இந்தியப் பொருட்களைத் தொடாதே என்ற, ஆயுதம் ஏந்திக் கிளர்ந்த ஜே.வி.பி.யின் கட்டளையும். மகாவலி ஆற்றில் பிணங்கள் மிதந்து போயின. 1989 அக்டோபரில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அந்த அக்டோபருக்குப் பிறகுதான் செத்தவன் எழும் கதை எங்களிடம் வந்தது. நாலு லயத்தில் காசு சேர்த்து டீவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்தால் ஒரு ராத்திரிக்கு மூன்று படம். இது இரண்டாவதாக ஓடியது. பிள்ளைகள் தூங்குகிற நேரம். ஒரு பிள்ளையும் தூங்கவில்லை.

அன்று வாசலில் கதைத்தவற்றைத்தான் நான் விமர்சனம் என்கிறேன். படம் நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: பேயென்றால் கும்பிடலாம், மனுசனென்றால் கட்டிப் போடலாம், இது இரண்டுமில்லையே, இதை என்ன செய்வது? பைத்தியக்கார விஞ்ஞானிப் படங்களைப் பற்றி எழுதிய கனமான புத்தகங்களும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன. பாட்டியிடம் அதற்குப் பாதி விடையும் இருந்தது. தேயிலை ஃபெக்டரியில் சக்கரத்துக்கு ரோதமுனி என்று ஒரு சாமி உண்டு. இயந்திரம் கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்க அதற்குப் படையல் வைப்பார்கள். வெள்ளைக்காரன் இரும்பைக் கொண்டுவந்தான், எங்கள் ஆட்கள் அதற்குள் ஒரு முனியைக் குடியேற்றினார்கள். பட்டுக்குள் யானை இருப்பதைப் போல இரும்புக்குள் முனி. இயந்திரத்தைக் கண்டு பிரமிக்காமல், கேலியும் செய்யாமல், பயந்து பேரம் பேசத் தெரிந்த சனம் அது. அவர்களைப் பார்த்து விஞ்ஞானப் படம் பார்க்கத் தெரியாதவர்கள் என்று எழுதுவது அறியாமை.

டாக்டரைப் பற்றிய பேச்சில் இன்னும் பழைய பயம் இருந்தது. மலையகத்துக்கு வந்த தலைமுறைகள் மண்டபம் முகாமில் தனிமைப்படுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டவர்கள். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்புக்காக மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்து, கீனோபோடியம் எண்ணெயைத் தொழிலாளருக்குப் புகட்டினார்கள். புழுவும் உண்மை, மருந்தும் தேவை. ஆனால் குடிக்கிறவனிடம் யாரும் சம்மதம் கேட்டதாக எங்கள் வீடுகளில் கதை இல்லை. ஜெய்சங்கர் மருந்தைக் கையில் எடுத்தபோது எங்கள் லயத்தில் விழுந்த மௌனத்தை நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று மட்டும் நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

கூட்டத்தில் ஒரு கிழவர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டி விரல் மடங்கிப் போனவர், பிணம் எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார்: “எழுப்பிப்புட்டான், சரி. விடியக்காலம் இவனும் பெரட்டுக்கு வரணுமா?”

பெரட்டு என்றால் விடியலில் தோட்டத்து ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ரப்பரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பல்ல அது. 1932இல் விக்டர் ஹால்பரின் குறைந்த செலவில் எடுத்த ‘ஒயிட் ஸோம்பி’யை அவர் பார்த்திருக்க வழியில்லை. ஹெய்ட்டியில் ஒரு சீனி ஆலை. அங்கே இரவும் பகலும் சக்கரத்தைத் தள்ளுவது செத்து எழுந்தவர்கள். ஒருவன் தவறி அரவைக்குள் விழுகிறான், மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிணத்தை எழுப்புகிறவனுக்கு அந்தப் பிணத்திடம் என்ன வேலை இருக்கும் என்பதை ஹால்பரின் அந்த ஆலையில் காட்டினார். எங்கள் கிழவருக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதுமாயிருந்தது. இரண்டு பேருக்கும் பொதுவானது தோட்டம்.

பிறகு பணம் வந்தது. ‘எந்திரன்’ (2010) அழகான படம்தான், ரயில் காட்சியை நானும் இருமுறை பார்த்தேன். ஆனால் அதன் நீதிமன்றக் காட்சியைக் கவனியுங்கள். விஞ்ஞானி வசீகரன் செய்த ரோபோ சிட்டி ஊரை அழித்திருக்கிறது, அவருக்குத் தண்டனை விழுகிறது, உடனே சிட்டியே சாட்சி சொல்லி, கெட்ட சில்லை வைத்தவர் வில்லன் போரா என்று காட்டி, படைத்தவரைக் காப்பாற்றுகிறது. பூதம் தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது. விஞ்ஞானி காதலியோடு வீட்டுக்குப் போகிறார். செலவு கூடக்கூட, கோட்டுப் போட்டவரின் குற்றம் குறைந்துகொண்டே வந்தது. கதாநாயகனே விஞ்ஞானியானால் வேறென்ன நடக்கும்? அதன் தொடர்ச்சியான ‘2.0’வில் வில்லன் பட்சிராஜனுக்குக் கொஞ்சம் நியாயம் கொடுத்தார்கள், அவரும் கடைசியில் அடக்கப்பட வேண்டியவரே. 1989இன் ஏழைப் படத்தில் ஜெய்சங்கருக்கு இந்தச் சலுகை இல்லை. எழுந்தவன் செய்த ஒவ்வொரு கொலையும் எழுப்பினவன் கணக்கில் ஏறியது. தோட்டத்துக் கணக்குப் பிள்ளை எழுதும் செக்றோல் பதிவேடு போல, விட்டுப்போகாமல்.

சென்ற வருடம் கண்டி கே.சி.சி. கடைத்தொகுதியில், குளிரூட்டிய அரங்கில், ஒரு பெரிய படம் பார்த்தேன். ஆய்வுகூடம் முழுக்க நீல வெளிச்சம், குறையொன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த பையன் ஃபோனைத் திறந்து, இதை எந்த மென்பொருளில் செய்திருப்பார்கள் என்று தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பிராணி யாருக்காக வேலை செய்கிறது என்று அவனும் கேட்கவில்லை, படமும் சொல்லவில்லை. இடைவேளையில் வெளியே வந்து நின்றேன். முதல் பஸ்ஸில் தோட்டத்திலிருந்து வந்து, கண்டிக் கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற பிள்ளைகள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.