ஓட்டுக்கூரையில் சோலர்: மன்னார் வீட்டுக்கு எது பொருந்தும்?

மன்னார் நகரத்துப் பழைய வீடுகளில் சோலர் போடலாமா என்று கேட்டால், போடத்தான் வேண்டும் என்பேன். ஆனால் அது வீட்டின் தேவைக்காக இருக்கவேண்டும். மின்சார சபைக்கு விற்று மாத வருமானம் பார்க்கலாம் என்ற நினைப்பில் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். இன்று பெரியகடையிலும் சின்னக்கடையிலும் மூர்வீதியிலும் கூரையைப் பார்க்க வரும் முகவர்கள் முதலில் நீட்டுவது வருமானக் கணக்கைத்தான். கைமரத்தின் நிலையைப் பற்றிய பேச்சு கடைசியில் வருகிறது; சில வீடுகளில் வருவதேயில்லை.

வருமானக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். வீட்டுக்கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தைச் சபையோடு பரிமாறும் ஏற்பாடு இலங்கையில் 2010 அளவில் தொடங்கியது. அப்போது காசு கைக்கு வராது. கொடுத்த அலகுகள் கணக்கில் நிற்கும், பின்னர் கழித்துக்கொள்ளலாம். 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் வந்தபோது இரண்டு புதிய வழிகள் சேர்ந்தன. ஒன்றில் மிச்சத்துக்குக் காசு. மற்றதில் உற்பத்தி முழுவதையும் விற்கலாம். முதல் ஏழு ஆண்டுக்கு அலகுக்கு 22 ரூபா, அடுத்த பதின்மூன்று ஆண்டுக்கு 15.50 ரூபா என்றார்கள். 2022 நெருக்கடிக்குப் பின் புதிதாகச் சேர்ந்த வீடுகளுக்கு விலை 37 ரூபாவாக ஏறியது, பிறகு 27க்கு இறங்கியது, 2025இல் ஐந்து கிலோவாட்டுக்கு உட்பட்டவர்களுக்கு 20.90 ஆனது.

நம் வெயிலில் ஐந்து கிலோவாட் தொகுதி மாதம் ஏறத்தாழ 600 அலகு தரும். அதை முழுதும் விற்றால் 37 ரூபாக் காலத்தில் 22,000 ரூபாவுக்கு மேல் வந்தது. 20.90க்கு அதுவே 12,500தான். முன்பே ஒப்பந்தம் எழுதியவருக்கு இருபது ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. அவருடைய மாத வரவைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர் வங்கிக்கடன் எடுத்தால் தவணைக்கே கைக்காசு போடவேண்டி வரும். விலைக்குறைப்பை முழுக்க அநியாயம் என்று சொல்லமாட்டேன். பனல்களின் விலை உலகமெங்கும் விழுந்துவிட்டது. மதிய நேரத்தில் எல்லாக் கூரையிலும் ஒரேயடியாகக் கொட்டும் மின்சாரத்துக்கு மதிப்புக் குறைவது இயல்பு. ஆனால் மூன்று ஆண்டுக்குள் இத்தனை முறை விலையை மாற்றினால், சேமிப்பை அதில் போட நினைக்கும் ஓய்வூதியக்காரர் எதை நம்புவார்?

இந்த மதிய மின்சாரத்தின் கதையை 2025 வெட்டவெளிச்சமாக்கியது. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் தொடங்கிய கோளாறு நாட்டையே இருளாக்கியது. தொழிற்சாலைகள் ஓயும் நாளில் வெயில் மின்சாரம் மிக அதிகமாகவும், சுழலும் பெரிய இயந்திரங்கள் மிகக் குறைவாகவும் இருந்தன. அந்த இயந்திரங்களின் சுழற்சிதான் அதிர்ச்சியைத் தாங்கும் பலம். பனலில் அது இல்லை. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை படுத்துவிடும் என்பதால், பகலில் மூன்று மணிவரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவையுங்கள் என்று சபை வேண்டுகோள் விடுத்தது. மன்னாரில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்பது அந்தச் சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில்தான். ஆண்டிலேயே பனலுக்கு மிக வாய்ப்பான வெயிலை அணைத்துவைக்கச் சொல்லும் அளவுக்கு, திட்டமிடாமல் கூரைகளைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறோம்.

பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்த நாட்களில், கூரை நிறையப் பனல் வைத்த வீடுகளிலும் நடுப்பகலில் மின்விசிறி சுற்றவில்லை. தெருக்கம்பியில் கரண்ட் இல்லாதபோது சாதாரண இன்வேட்டர் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலைசெய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, மாற்றக்கூடாதது. மின்வெட்டிலும் வீடு ஓடவேண்டுமானால் பற்றரியோடு சேர்ந்து இயங்கும் இன்வேட்டர் வேண்டும். அதைச் சொல்லாமல் 'இனிக் கரண்ட் கவலை இல்லை' என்று விற்றவர்கள் வாங்கியவரை ஏமாற்றினார்கள்.

இப்போது கூரைக்கு வருவோம். மன்னார் நகரத்துப் பழைய வீட்டின் பலவீனமும் பலமும் அங்கேதான் இருக்கின்றன.

ஓட்டுக்கூரை பாரம் தாங்காது என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. கணக்கு அப்படி இல்லை. இன்றைய பெரிய பனல் ஒன்று முப்பது கிலோவுக்குக் கிட்ட வரும். அது பரவும் இடத்தைப் பார்த்தால் சதுர மீற்றருக்குப் பதினோரு கிலோ அளவுதான். ஓடே அதைவிடப் பல மடங்கு கனம். நல்ல பனைக் கைமரத்துக்கு இது ஒரு சுமையே அல்ல. பயப்படவேண்டியது மேலிருந்து அழுத்தும் பாரத்துக்கல்ல, கீழிருந்து கிளப்பும் காற்றுக்கு. தாழ்வுபாட்டுக்கு மேற்கே தென்கரை நெடுக முப்பது கோபுரங்களில் 100 மெகாவாட் தம்பபவனி காற்றாலையை 2020இல் ஏன் நிறுவினார்கள்? வைகாசி தொடங்கி அடிக்கும் சோளகம் இலங்கையிலேயே மிகச் சிறந்த காற்றுகளில் ஒன்று என்பதால். அதே சோளகம் ஓட்டுக்கும் பனலுக்கும் இடையிலுள்ள வெளியில் புகுந்து தூக்கும். புயலைத் தனியாகச் சொல்லவேண்டும்: தனுஷ்கோடியை அழித்த 1964 டிசெம்பர்ப் புயல் தலைமன்னாரையும் விடவில்லை, 2020 டிசெம்பரில் புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஏறி மன்னார் வளைகுடாவில்தான் இறங்கியது.

எனவே பனல் எதைப் பிடித்து நிற்கிறது என்பதே கேள்வி. சரியான முறை இப்படி: ஓட்டைக் கழற்றி, அடியிலுள்ள கைமரத்தில் கொக்கியை முறுக்கி, ஓட்டின் ஓரத்தைச் சிறிது செதுக்கிக் கொக்கி வெளியே வர வழிவிட்டு, மறுபடி ஓட்டைப் போடுவது. இதற்கு நாள் பிடிக்கும், ஓட்டுவேலை தெரிந்த ஆள் வேண்டும். அவசர முறை: ஓட்டின் மேலேயே துளைபோட்டு, கிடைத்த சலாகையில் ஆணியை இறக்கி, ஓட்டையைச் சிலிக்கன் பசையால் அடைப்பது. இரண்டு கோடை வெயிலில் பசை வெடிக்கும். ஐப்பசி மழையில் துளை வழியாக இறங்கும் நீர் உடனே ஒழுகாது. சலாகை வழியே ஓடி, சுவரோரம் எங்கோ ஓரிடத்தில் ஈரமாய்த் தெரியும். அதற்குள் சலாகை உக்கி, கறையானும் ஏறியிருக்கும். பனல் மேலே இருப்பதால் ஓட்டை மாற்றவும் முடியாது. அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடுகளில் நிலை இன்னும் மோசம்: துளைபோடும்போது கிளம்பும் தூள் நுரையீரலுக்கு ஆபத்து, பழைய சீற் மிதித்தாலே வெடிக்கும். அந்தக் கூரையை முதலில் மாற்றாமல் சோலரைப் பற்றிப் பேசவே கூடாது.

அடுத்தது உப்பு. உப்பளம் வைத்து உப்பு விளைவிக்கும் ஊரில் காற்றில் உப்பு இருப்பது புதுமையல்ல. அலுமினியச் சட்டமும் நல்ல துருவேறா எஃகுப் போல்டும் இங்கே நிற்கும். மலிவான நாகப்பூச்சு இரும்புப் போல்ட் சில ஆண்டுகளில் கறள் கட்டிவிடும். கடலோரத்துக்கான உப்புப்பனிச் சோதனையில் தேறிய பனலா என்று கேட்டு, அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கம்பி இணைப்புகளைக் கூரையின்மேல் கிடக்கவிடாமல் கட்டச் சொல்லுங்கள். உப்பு ஏறித் தளர்ந்த இணைப்பில்தான் பொறி பறக்கிறது, கீழே இருப்பதோ காய்ந்த மரம்.

கழுவுவதிலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆனி, ஆடியில் மழை இல்லை. சோளகம் மணலையும் உப்பையும் கண்ணாடியில் அப்பும். தீவின் பல கிணறுகளில் உவர்நீர். அந்த நீரை வெயில் நேரத்தில் அடித்தால் காய்ந்தபின் வெள்ளைப் படலம் தங்கும். தூசு போய் அதைவிடப் பிடிவாதமான ஒன்று வந்து சேரும். மழைநீரைத் தொட்டியில் சேர்த்துவைத்து, விடியற்காலையில் மென்துணியால் துடைப்பவர்களே இதைச் சரியாகச் செய்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு நன்மைகளையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வெப்பம் ஏறினால் பனலின் திறன் குறையும். இங்கே அதே காற்று அதைக் குளிர்விக்கிறது. ஓட்டுக்கு மேல் ஒரு சாண் வெளிவிட்டு நிற்கும் பனல் அடியிலுள்ள அறைக்கு நிழலாகிறது. மதியத்தில் அந்த அறையில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் அகலாங்கு ஒன்பது பாகைதான் என்பதால், தெற்குச் சரிவு இல்லாத வீடும் கவலைப்படத் தேவையில்லை. கிழக்கு, மேற்குச் சரிவுகளிலும் நன்றாக விளையும். இதற்காக முற்றத்து வேம்பை வெட்டுபவர்களோடுதான் எனக்குச் சண்டை. ஒரு கொப்பின் நிழல் வரிசை முழுவதின் உற்பத்தியையும் இழுத்துவிடும் என்பது உண்மை. அதற்கு நிழல் படாத சரிவுக்கு மாறலாம், தொகுதியைச் சிறிதாக்கலாம். ஐம்பது ஆண்டு வேம்பு தரும் குளிர்ச்சியை எந்த மின்விசிறியும் தராது.

நியாயத்தின் பக்கம் ஒரு குறை இருக்கிறது. ஒரு ட்ரான்ஸ்போமர் தாங்கக்கூடிய சோலருக்கு எல்லை உண்டு. முதலில் பெரிதாகப் போட்டவர் அந்த எல்லையை நிரப்பிவிட்டால், பின்னால் விண்ணப்பிக்கும் வீட்டுக்கு அனுமதி இல்லை. மதியத்தில் தெருக்கம்பியின் அழுத்தம் ஏறி, கடைசி வீட்டு இன்வேட்டர் அடிக்கடி நிற்பதும் இதனால்தான். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருந்து காசனுப்பும் வீடு முந்திக்கொள்கிறது. மின் இணைப்பு இன்னும் இறந்துபோன பாட்டனார் பெயரில், உறுதி நான்கு சகோதரர்களுக்குப் பொதுவில் என்று கிடக்கும் வீடு விண்ணப்பத்திலேயே நின்றுவிடுகிறது. இடம்பெயர்வுகளும் 1990இல் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதும் விட்டுச்சென்ற காணிச் சிக்கல்கள் இருக்கும் மண்ணில் இது சிறிய விடயம் அல்ல.

காற்றாலைகளுக்கு எதிராக 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியபோது, கோபுரங்களுக்குப் பதில் கூரைகளில் எடுங்கள் என்ற குரலும் கேட்டது. காணி போகாது, வெள்ளம் வடியும் வழி அடைபடாது, பறவைகளின் பாதையில் இறக்கை சுழலாது. அந்தக் கவலைகளில் மக்களோடு நிற்கிறேன். ஆனால் பற்றரி இல்லாத கூரை, நாடு அதிகம் கேட்கும் மாலை ஆறரைக்குப் பிறகு ஒன்றும் தராது. இதைச் சபையின் விலையே காட்டுகிறது: பற்றரியில் சேமித்து இரவு உச்ச நேரத்தில் கொடுக்கும் அலகுக்கு 45.80 ரூபா அறிவித்திருக்கிறார்கள். மதிய அலகைவிட இரு மடங்குக்கு மேல்.

ஆகவே பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது: முதல் செலவைக் கூரைக்குச் செய்யுங்கள். ஒரு தச்சரை ஏற்றி வளை, கைமரம், சலாகை மூன்றையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடந்த ஓராண்டு மின்பட்டியலை எடுத்து, வீடு உண்மையில் எரிக்கும் அலகுக்கு ஏற்றபடி இரண்டு மூன்று கிலோவாட்டோடு நிறுத்துங்கள். மிச்சக் காசைப் பற்றரிக்குப் போடுங்கள். மாதம் அறுபது அலகுக்குக் குறைவாக எரிப்பவர்கள் இதற்காகக் கடன்படவே வேண்டாம். மின்சார சபையிடம் கேட்பது ஒன்று: மன்னாரில் ஒவ்வொரு ட்ரான்ஸ்போமரிலும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டுங்கள், சிறிய வீடுகளுக்கென்று அதில் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.