கட்டைவிரல் நடக்கட்டும்

இலங்கையின் நிவித்திகலப் பக்கத்துத் தோட்டங்களில் கிட்டாரை 'அடிக்கிறது' என்றுதான் சொல்வோம். 1960களில் க்ளேரன்ஸ் விஜேவர்தனவும் எனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவின் மூலம் சிங்களப் பாட்டில் கிட்டாரை நிலைநிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் தப்புச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே கிட்டாருக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. நானும் பல வருடம் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். கம்பிகளைத் தனித்தனியாக மீட்டலாம் என்று காட்டியவர் என் மாமா. இறப்பர் மரத்தில் பால் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை அவருக்கு.

"மருமவனே, மத்த விரலையெல்லாம் மறந்துரு. கட்டைவிரல் மட்டும் நடக்கட்டும்."

இடது கையில் சி கோர்ட். வலது கட்டைவிரல் 5ஆம் கம்பி, 4ஆம் கம்பி, மறுபடி 5, மறுபடி 4. லயத்து வாசலில் நான் இப்படி நடந்துகொண்டிருக்கும்போது மாமா திடீரென்று கேட்பார்: "கடைப் பாக்கி எவ்வளவு?" கணக்கை நினைத்ததும் விரல் தடுக்கிவிடும். அதுதான் அவர் வைத்த பரீட்சை.

பிறகு மற்ற விரல்கள் வந்தன. கட்டைவிரலுக்கு பி, ஆள்காட்டிக்கு ஐ, நடுவிரலுக்கு எம், மோதிரவிரலுக்கு ஏ. ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்துகள் இவை. கொழுந்து மலையில் ஆளுக்கொரு நெரை இருப்பதைப் போல இங்கே விரலுக்கொரு கம்பி. மேலே மூன்று தடித்த கம்பிகளும் கட்டைவிரலுக்கு. ஆள்காட்டிக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிரவிரலுக்கு 1. அடுத்தவர் நெரையில் யாரும் கை வைப்பதில்லை. பி-ஐ-எம்-ஏ-எம்-ஐ என்று ஏறி இறங்கினால் ஆறு தட்டு, 'தகிட தகிட'. பைலாவின் ஆறெட்டுத் தாளமும் இந்த ஆறுக்குள் உட்கார்ந்துவிடும்.

என் மனதைப் பறித்தது மூன்றாவது பாடம். கட்டைவிரல் நான்கு அடி நடக்கிறது. இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடையில் நடுவிரல் 2ஆம் கம்பியைத் தொடுகிறது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஆள்காட்டி 3ஆம் கம்பியை. கூடுதலாக வந்தது இரண்டே சுரம். ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்கள்: ஒருவர் நடக்கிறார், ஒருவர் பேசுகிறார்.

இந்த வாசிப்பு மெர்ல் டிராவிஸ் பெயரால் உலகமெங்கும் அறியப்படுகிறது. அமெரிக்காவின் கென்டக்கியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாக 1917இல் பிறந்தவர். பெரும்பாலும் கட்டைவிரலும் ஆள்காட்டியும்தான் அவருடைய மூலதனம். கம்பெனிக் கடையின் கடனில் மூழ்கிய சுரங்கத் தொழிலாளியைப் பற்றி அவர் 1946இல் பதிவுசெய்த பாட்டு 'சிக்ஸ்டீன் டன்ஸ்'. கங்காணிக் கடனோடு மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வட கரோலைனாவின் எலிசபெத் காட்டனையும் கேட்க வேண்டும். இடதுகைக்காரி. கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்ததால் அவருடைய கட்டைவிரல் மெட்டை வாசித்தது, மற்ற விரல்கள் அடிச்சுரத்தைப் பார்த்துக்கொண்டன. வீட்டு வேலை செய்து பிழைத்த அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது வயது அறுபதைக் கடந்திருந்தது.

இவர்களைப் போல வாசிக்க அவசரப்பட வேண்டாம், வேகம் தானாக வரும். இங்கே மாணிக்கக் குழியில் கல் கழுவும்போது கூடையைச் சுற்றச் சுற்ற மண் கரைந்துபோய்க் கனமான கல் அடியில் தங்கும். மெதுவாக வாசித்த நாட்கள் எனக்குச் செய்தது அதைத்தான்: அவசரம் கரைந்தது, நடை தங்கியது.

ஒரு மழைநாள் மாலை. தகரத்தின் மேல் கொட்டும் சத்தத்தையும் மீறி மாமா கேட்டார்: "கடைப் பாக்கி எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து நானூறு, மாமா."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், விரல் நடந்துகொண்டே இருந்தது. மாமா அடுத்த கேள்வி கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, என் நடைக்குப் பாட ஆரம்பித்தார்.