முற்றத்துக் கணக்கும் பங்குனி வலசையும்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வசந்தம் என்றால் பறவைகள் வந்துசேரும் காலம். விருதுநகர்ப் பக்கம் அது அவை கிளம்பும் காலம். புரட்டாசி, ஐப்பசியில் வந்திறங்கிய பழுப்புக் கீச்சானும் பிளைத் நாணல் கதிர்க்குருவியும் பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்பிவிடுகின்றன. வீட்டு முற்றத்தில் பறவை பார்க்கும் வழக்கம் நம்மிடம் வளர்ந்தபோது இந்த வேறுபாட்டுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. 1998இல் அமெரிக்காவில் தொடங்கி 2013இல் உலகெங்கும் விரிந்த முற்றத்துக் கணக்கெடுப்பு பிப்ரவரியில் நடக்கிறது. நம் பொங்கல் கணக்கெடுப்பு ஜனவரியில். இரண்டுமே பறவைகள் இங்கே நிலைகொண்டிருக்கும் நாட்கள். விருதுநகரில் பங்குனிப் பொங்கல் நடக்கும் வாரங்களில், அவை ஊரைவிட்டுப் போகும்போது, பெரும்பாலான குறிப்பேடுகள் மூடியே கிடக்கின்றன.

இது பேரிழப்பு. முதல் வருகையைப் பார்த்த அன்றே எழுதிவிடலாம். கடைசியாகப் பார்த்த நாள் எது என்பது பிறகுதான் தெரியும். அதற்கு அடுத்தடுத்த நாட்களில் 'இல்லை' என்றும் எழுதியிருக்க வேண்டும். கண்மாய்க்கோ காட்டுக்கோ தினமும் போய்வர எல்லோராலும் ஆகாது. முற்றத்தில் முடியும். தினமும் பதினைந்து நிமிடம், வேப்பமரமும் வேலியும் போதும். இந்த எளிமைதான் இப்பழக்கத்தின் பெரும் பலம். 942 இனங்களை மதிப்பிட்ட 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையே இப்படிப்பட்ட ஆர்வலர்களின் பதிவுகளால் ஆனதுதான்.

முதல் வருகைத் தேதியின் மீதுள்ள மோகம் எனக்கு ஏற்புடையதல்ல. பார்ப்பவர்கள் பெருகினால் அந்தத் தேதி தானாகவே முன்னால் நகரும். பறவை முந்தி வந்ததாக அதற்குப் பொருளில்லை. தண்ணீர்த் தொட்டியும் இப்படித்தான் ஏமாற்றும். மாசியில் புதிதாக ஒன்றை வைத்தால், வறண்ட கரிசல் ஊரில் சுற்றுவட்டாரப் பறவையெல்லாம் அங்கே கூடும். கணக்கு ஏறும், பறவை பெருகியிருக்காது.

இதைவிட ஆழமான குறை, முற்றம் தனக்கு ஒத்துவரும் பறவைகளையே காட்டும் என்பது. கரிசல் காட்டின் மேல் தாழப் பறந்து இரைதேடும் பூனைப்பருந்து வீட்டு வேலிக்கு வராது. உடைமரக் காடு அழிந்து, கண்மாய் தூர்ந்துபோனாலும், முருங்கையில் கதிர்க்குருவி கத்திக்கொண்டிருந்தால் எல்லாம் நலமென்று தோன்றும். மாதம் ஒருமுறையாவது கண்மாய்க்கரைக்குப் போகாதவரின் முற்றக் கணக்கை வைத்து ஊரின் நிலையைச் சொல்லக்கூடாது.

சிவகாசி வட்டாரத்தில் இக்கணக்குக்குத் தனி மதிப்பு உண்டு. பட்டாசால் பறவைகள் ஓடுகின்றன என்றும், ஒன்றும் ஆகாது என்றும் இரு தரப்பிலும் பேசுகிறோம். புத்தாண்டு இரவில் வாணவேடிக்கை தொடங்கியதும் ஆயிரக்கணக்கில் பறவைகள் எழும்புவதை நெதர்லாந்தில் ரேடார் காட்டியிருக்கிறது. ஆனால் அவற்றில் நீர்ப்பறவைகளே மிகுதி. வேப்பமரத்துக் கதிர்க்குருவிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. தீபாவளி ஆண்டுதோறும் அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையே நகர்கிறது, வலசையோ பருவத்தை ஒட்டி வருகிறது. ஆகவே, ஒரே முற்றத்தில், ஒரே நேரத்தில், பண்டிகைக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் எழுதிவைத்த குறிப்புகள் பல ஆண்டுகளுக்குச் சேர்ந்தால், பருவத்தால் வரும் மாற்றத்தையும் வெடிச்சத்தத்தால் வரும் மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க முடியும். அதற்குச் சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் வீடுகளில் இருந்துதான் குறிப்புகள் வர வேண்டும், பறவை வராத நாட்களின் குறிப்புகளும் சேர்த்து.