வடித்து எடுக்கும் வித்தை

கச்சான் காற்று வீசும் ஆடியில் நெடுங்கேணி வயலில் நிற்பவருக்கு மத்தியானம் வரை சலம் போகாது; போனாலும் கொஞ்சம், கடும் மஞ்சளாக. அந்த மஞ்சள்மீது எனக்குப் பெரிய மரியாதை. இரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை செறிவாகச் சலத்தைச் சுண்டவைக்கும் சிறுநீரகத்தின் திறமை அதிலே தெரிகிறது.

ஆளுக்கு இரண்டு சிறுநீரகம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிராம். இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்கே. நாளொன்றுக்கு இரத்தத்திலிருந்து 180 லீற்றர் நீர் வடிகிறது; வெளியே போவதோ ஒன்றரை லீற்றர்தான், மீதியைச் சிறுநீரக நுண்குழாய்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. தைப்பொங்கலுக்கு முன் சாமான் முழுவதையும் முற்றத்தில் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் வீட்டுக்குள் எடுக்கிற மாதிரி. வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் கழிவு ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு துரத்தத் தேவையில்லை. எடுக்காமல் விட்டாலே போதும். உடம்பில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து ஒரு ஹோர்மோன் வரும், நுண்குழாய்கள் இன்னும் அதிக நீரை இழுத்துக்கொள்ளும்.



இந்த வித்தை கெடவும் கூடும். 1990களில் வட மத்திய மாகாண விவசாயிகளிடம் கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் நெடுங்கேணி இருக்கும் வவுனியா மாவட்டத்திலும் உண்டு. தொடக்கத்தில் நோவே இராது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து லட்சமளவு வடிகட்டிகள். பாதி போனாலும் மீதி சத்தமில்லாமல் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவின் அளவு போன்றவற்றைச் சோதித்தால்தான் பிடிபடும்.