டால் கேக் அச்சு: 350 ரூபாய்க்குத் தகுமா?

டால் கேக்கில் பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது பொம்மையும் கிரீமும்தான். செய்கிறவருக்குத் தலைவலி, பொம்மையின் பாவாடையாக நிற்கிற கேக்கின் நடுப்பகுதி. வட்ட டின்னில் இரண்டங்குலத்துக்கு ஊற்றும் மாவை இங்கே ஐந்தங்குல ஆழமுள்ள அச்சில் ஊற்றுகிறோம். ஓரம் வெந்து சிவந்திருக்கும், மேலே வெடித்திருக்கும், நடுவில் மட்டும் கூழ். இதற்கு வழி செய்கிறதா என்பதை வைத்துத்தான் எந்த டால் கேக் அச்சுக்கும் மார்க் போட வேண்டும்.

நான் சோதித்தது பெங்களூரு சிக்பேட்டையில் 350 ரூபாய்க்கு வாங்கிய அலுமினிய அச்சு. கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. வாய் 8 அங்குலம், உயரம் 5 அங்குலம். கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை வீடொன்றின் 28 லிட்டர் ஓ.டி.ஜி. ஓவனில் வைத்துப் பார்த்தேன். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் போட்டுப் பழகிய ஊர் இது. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து, விடிவதற்குள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிற ஊரும்கூட. ஆகவே உங்கள் வீட்டிலும் யாராவது சிக்பேட்டைப் பக்கம் போவார்கள். சொல்லி வாங்கி வரச் செய்யலாம்.

முதலில் குறைகள். தகடு மெல்லிசு. லேத்தில் வைத்து இழைத்த வரிகள் உள்ளே அப்படியே இருக்கின்றன. எண்ணெயைக் கையால் தடவினால் வரிகளுக்குள் போகாது. பிரஷ்ஷால் தேய்த்து, மேலே மைதா தூவித் தட்டினால்தான் கேக் தோல் உரியாமல் கழன்று வருகிறது. அடுத்தது, அச்சு நிற்க மாட்டேன் என்கிறது. அடிப்பாகம் இரண்டங்குல வட்டம்தான். ஓவன் கம்பித் தட்டில் வைத்ததும் சாய்கிறது. தாங்கி எதுவும் கூட வரவில்லை. பானை வைக்கிற எவர்சில்வர் பிரிமணை ஒன்றை எடுத்துப் போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அடித்தட்டிலேயே வையுங்கள். நடுத்தட்டில் வைத்தால் உப்பி வரும் கேக் மேல் ராடுக்குப் பக்கத்தில் போய்க் கருகும்.

பெரிய குறை நடுக்கம்பி இல்லாதது. அமெரிக்காவின் வில்டன் கம்பெனி இதே வடிவத்தில் விற்கும் ‘வொண்டர் மோல்ட்’ பெட்டியில் தாங்கியோடு ஒரு உலோகக் கம்பியும் வரும். அது அச்சின் நடுவில் நின்று சூட்டை மாவுக்குள் இறக்கும்; வெந்த பிறகு உருவினால் பொம்மையை இறக்க ஓட்டையும் தயார். நம் ஊர் அச்சில் அது கிடையாது. கிரீம் ரோஜா சுற்றுகிற ஸ்டீல் பூ ஆணியை, தலை கீழே இருக்கும்படி அச்சின் நடுவில் நிறுத்தி அதைச் சுற்றி மாவை ஊற்றிப் பார்த்தேன். 160 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் நடுப்பகுதி வெந்துவிட்டது. ஆணி இல்லாமல் அதே மாவு, அதே சூடு: ஒன்றேகால் மணி நேரம் கழித்தும் நீளக் குச்சியில் ஈரம் ஒட்டியது. ஆணியின் விலை அச்சு விலையில் சிறு பங்குதான்.

அச்சில் தண்ணீர் ஊற்றி எத்தனை டம்ளர் பிடிக்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவு வேண்டாம். லேசான ஸ்பாஞ்சைவிட வெண்ணெய் கூடின கெட்டி மாவுதான் பொம்மையின் எடையைத் தாங்கும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,800 அடி உயரத்தில் இருக்கிறதே, பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். தேவையில்லை. அந்தக் கவலை ஊட்டிக்காரர்களுக்கு.

கரன்ட் விஷயம் வேறு. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து, பெங்களூருக்கும் முன்பே மின்சாரம் பார்த்த ஊர் இது. ஆனால் 1,500 வாட் ஓ.டி.ஜி.யை வீட்டு இன்வெர்ட்டர் இழுக்காது. நடுவில் கரன்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். ஐந்து பத்து நிமிடத்தை ஓவனின் சூடே சமாளித்துவிடும். கூடுதல் நேரம் போகும் என்று தெரிந்தால் கனமான குண்டானில் கல்லுப்பைப் பரப்பி, பிரிமணை போட்டு, மூடி, அடுப்பிலேயே வேகவைக்கலாம். உப்புக்குப் பதில் மணல் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண்ணை மட்டும் தொட வேண்டாம்.

பொம்மையின் கால் இன்னொரு கணக்கு. பார்பி 1959இல் வந்ததிலிருந்து அதன் உயரம் பதினொன்றரை அங்குலம். கடைகளில் கிடைக்கிற மற்ற பொம்மைகளும் பெரும்பாலும் அதே அளவுதான். இடுப்புக்குக் கீழேயே ஐந்தங்குலத்துக்கு மேல் இருப்பதால் அச்சு கேக் மட்டும் போதாது. அடியில் இரண்டங்குல வட்ட கேக் ஒன்று வேண்டும். சிலர் காலைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். “கேக்கு தின்னு முடிச்சதும் புள்ள பொம்மையத்தானே கேக்கும்? ஏன் கண்ணு நொண்டியாக்குற?” என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டார். நியாயம்தான். இடுப்புவரை பிளாஸ்டிக் உறை சுற்றி, கூந்தலைத் தூக்கிக் கட்டி, முழுசாகவே இறக்குங்கள்.

கேக் நன்றாக ஆறிக் குளிர்ந்த பிறகு மெல்லிசாக ஒரு பூச்சு. அது இறுகியதும் கீழிருந்து மேலாக நட்சத்திர நாசிலால் பூ வைத்துக்கொண்டே போனால், அச்சின் மேடுபள்ளம் எல்லாம் மறைந்துவிடும். கோடையில் விப்பிங் கிரீம் பாவாடை சரியும். பட்டர் ஐசிங் நிற்கும். இளஞ்சிவப்பை ஒரு சாயல் குறைவாகவே கலக்குங்கள், நேரம் போகப்போக நிறம் ஏறும். சாதாரண கேக் டப்பா இந்த உயரத்துக்கு மூடாது. ஸ்கூட்டரில் கொண்டுபோவதானால் பொம்மையைத் தனியாக எடுத்துப்போய், விழா வீட்டில் சொருகிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு இந்த அச்சு முதலுக்கு மோசமில்லை. பூ ஆணியும் பிரிமணையும் சேர்ந்தால் 5க்கு மூன்றரை. தனியாக 2தான் தருவேன். வீட்டுக் குழந்தையின் ஒரே ஒரு பிறந்தநாளுக்கென்றால் வாங்க வேண்டாம். உங்கள் லைன் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள், யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று இருக்கும்.